மாதத்துக்கு எத்தனை பக்கெட் உப்பு வாங்குகிறீர்கள்?

கேள்வி: வணக்கம் டொக்டர். எனக்கு 37 வயது. கொட்டகலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். ஹட்டன் டவுனில் புடவைக் கடை ஒன்றில் வேலை செய்கிறேன். போன மாதம் கோயிலில் நடந்த மருத்துவ முகாமில் பிரஷர் பார்த்தார்கள், 152/96 என்றார்கள். இரண்டு கிழமை கழித்து ஃபார்மசியில் பார்த்தேன், 146/94. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போது பிரஷர் கூடி, எட்டாம் மாதமே ஒபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பிறகு சரியாகிவிட்டது. என் அம்மா காலமெல்லாம் கொழுந்து பறித்தவர், ஒல்லியான ஆள். அவருக்கும் பிரஷர் இருக்கிறது. பாரிசவாதம் வந்து இடது கை இன்னும் சரியாக எழவில்லை. மலை ஏறி இறங்கி உழைக்கிறவர்களுக்குப் பிரஷர் வராது என்கிறார்களே, அம்மாவுக்கு எப்படி வந்தது? நாங்கள் உப்புக் கூடப் போட்டுச் சாப்பிடுவதே இல்லை. எங்கள் ஊர்க் குளிர் காரணமா? கடன், பிள்ளைகள் படிப்பு என்று யோசித்துக்கொண்டே இருப்பது காரணமா? பழக்கத்தை மாற்றி மாத்திரை இல்லாமல் சமாளிக்கலாமா? மாத்திரையைத் தொடங்கினால் சாகும்வரை விட முடியாது என்று மாமியார் சொல்கிறார். தலை சுற்றினால் மட்டும் அம்மாவின் மாத்திரையில் பாதி போட்டுக்கொள்வேன். அது சரியா?

பதில்:

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதற்குத்தான் அவசரம். அம்மாவின் மாத்திரையை இனித் தொடாதீர்கள். நம் ஊர்க் கிளினிக்குகளில் பிரஷருக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் லொசார்டன், எனாலப்ரில் இரண்டும் சாதாரணமாகப் புழங்குபவை. கர்ப்பமாக இருக்கும் பெண் இவற்றைப் போட்டால் வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகம் கெடக்கூடும். உங்களுக்கு 37 வயதுதானே, நாள் தள்ளிப் போனதைக் கவனிக்கும் முன்பே நாலைந்து மாத்திரை உள்ளே போயிருக்கலாம். இன்னொன்று, தலைசுற்றலை வைத்துப் பிரஷரை அளக்க முடியாது. கூடின பிரஷர் பெரும்பாலும் ஒரு அறிகுறியும் காட்டாமல்தான் இருக்கும். தலை சுற்றுவதற்கு இரத்தச்சோகை, காலையில் வெறும் தேத்தண்ணியோடு கடைக்கு ஓடுவது, காதுக் கோளாறு என்று வேறு காரணங்கள் நிறைய உண்டு. அரை மாத்திரையால் நடுவில் ஒருநாள் அளவு குறைந்து காட்டினால் உங்களைப் பார்க்கிற டொக்டரும் ஏமாந்துபோவார்.

இனி உங்கள் அளவுகள். வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேலாக இருந்தால் உயர் இரத்த அழுத்தம் என்கிறோம். உங்களுக்கு இரண்டு தடவையும் அந்த எல்லை தாண்டித்தான் இருக்கிறது. ஆனால் முகாம்களில் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. கோயில் படியேறி மூச்சு வாங்க வந்து, வரிசையில் நின்று, பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டே, ஸ்வெட்டர் கையை இறுக்கமாகச் சுருட்டிவிட்டுக் கையை நீட்டுவோம். அப்படிப் பார்த்தால் உள்ளதைவிடக் கூடத்தான் காட்டும். சரியாகப் பார்ப்பதென்றால், அதற்கு முன் அரை மணி நேரம் தேத்தண்ணி, வெற்றிலை எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால் இரண்டையும் தரையில் வைத்து, ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வேண்டும். ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்கும்படி வைத்து, ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை பார்க்க வேண்டும். யாரிடமாவது மேல்கையில் கட்டும் மெஷின் இருந்தால் ஒரு கிழமைக்குக் காலையும் மாலையும் பார்த்து எழுதி வையுங்கள். வீட்டில் பார்க்கும்போது எல்லை 135/85. மணிக்கட்டில் கட்டுகிற மெஷினை நான் நம்புவதில்லை.

கடிதத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த வரி, "பிறகு சரியாகிவிட்டது" என்பதுதான். கர்ப்ப காலத்தில் பிரஷர் கூடி, அதனால் முன்கூட்டியே பிள்ளையை எடுக்க வேண்டி வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் உயர் இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட மூன்று நான்கு மடங்கு அதிகம். பிள்ளை பிறந்து சில கிழமைகளில் அளவு இறங்கிவிடுகிறது, எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறோம். அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிரஷர் பார்க்க வேண்டும் என்று பல தாய்மாருக்கு யாரும் அழுத்திச் சொல்வதில்லை. சொன்னாலும் கைப்பிள்ளையோடு எத்தனை பேருக்கு அது நினைவில் நிற்கும்? அம்மாவுக்கும் பிரஷர், பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது உங்களுக்கும் பிரஷர் என்றால், இப்போது 146 என்று வந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. பழக்கவழக்கங்களைப் பற்றி இனிச் சொல்லப்போவதெல்லாம் இதன் மேல்தான் வருகிறது. பழக்கத்தால் மட்டுமே வந்ததென்று நினைத்து உங்களையே நொந்துகொள்ள வேண்டாம்.

குடும்பக் கட்டுப்பாட்டுக்குத் தினமும் மாத்திரை போடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. போடுகிறீர்கள் என்றால் முதலில் மிட்வைஃப் மிஸ்ஸிடம் இந்த அளவுகளைச் சொல்லுங்கள். ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன் சேர்ந்த மாத்திரை பிரஷரைக் கூட்டும். 140/90 தாண்டினவர்களுக்கு அது பொதுவாக ஏற்றதல்ல, வேறு முறைக்கு மாற்றித் தருவார்கள்.

சரி, உப்புக்கு வருவோம்.

"நாங்கள் உப்புக் கூடப் போடுவதே இல்லை" என்று சொல்லாத வீடு மலையகத்தில் இல்லை. யாரும் பொய் சொல்வதில்லை, நாக்குக்கு அப்படித்தான் தெரிகிறது. ஆகவே நாக்கை விட்டுவிட்டுக் கடைக் கணக்கைப் பாருங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தலை தட்டின ஒரு தேக்கரண்டி, அவ்வளவுதான். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு நாளைக்கு 25 கிராம், மாதத்துக்கு 750 கிராம். 400 கிராம் பக்கெட் மாதம் இரண்டு முடிகிறது என்றால் எல்லையைத் தாண்டியாயிற்று. கருவாடு, மாசி, ஊறுகாய், பப்படம், சோயா மீட் பக்கெட்டுக்குள் இருக்கும் மசாலா, நூடில்ஸ் தூள், சூப் கட்டி, கடை வடை, ரோல்ஸ் எதையும் இன்னும் சேர்க்கவே இல்லை. பிள்ளைகளுக்கு 5 கிராமும் தேவையில்லை என்பது வேறு. இந்த மாதம் உப்புப் பக்கெட்டை உடைக்கும்போது அதன் மேல் பேனையால் திகதியை எழுதி வையுங்கள். எத்தனை நாளில் முடிகிறதென்று மாமியாரே பார்க்கட்டும். நானோ நீங்களோ சொல்வதைவிட அது நன்றாகச் சொல்லும்.

இவ்வளவு உப்பு எங்கே போகிறது? ரொட்டிக்கும் சம்பலுக்கும்தான். நம் தோட்டங்களில் காலைச் சாப்பாடும், பல வீடுகளில் மலைக்குக் கட்டிக்கொண்டு போகிற சாப்பாடும் கோதுமை மா ரொட்டிதான். கனமான ரொட்டி, ஆளுக்கு இரண்டு மூன்று. அதற்குக் கறி வைக்க விடியற்காலையில் யாருக்கு நேரம்? பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பிரட்டுக்குப் போக வேண்டும். ஆகவே கட்டச்சம்பல் ஒரு உருண்டை, இல்லாவிட்டால் கருவாட்டுத் துண்டு ஒன்று. அவ்வளவு பெரிய ரொட்டியை அவ்வளவு சின்னச் சம்பல் தூக்கிப் பிடிக்க வேண்டுமென்றால் அதில் உப்பும் உறைப்பும் ஏறித்தான் ஆக வேண்டும். பிசைந்த மாவிலும் உப்பு இருக்கிறது. மத்தியானச் சோற்றுக்கும் அதே கதைதான். சோறு மலைபோல, கறி கரண்டியளவு.

அதனால்தான் "உப்பைக் குறையுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கறியின் அளவு கூடாமல் உப்பு மட்டும் குறைந்தால் சாப்பாடு தொண்டையில் இறங்காது, மூன்றாம் நாள் மாமியார் பழையபடி போடத்தான் செய்வார். அவர்மேல் குற்றமில்லை. தட்டில் கறியைக் கூட்டுங்கள், உப்பு தானாகக் குறைய இடம் கிடைக்கும். மூன்று ரொட்டிக்கு ஒரு உருண்டைச் சம்பல் என்பதை, இரண்டு ரொட்டிக்கு ஒரு கோப்பைப் பருப்பு என்று மாற்றிப் பாருங்கள். முதல் நாள் இரவே பருப்பை அவித்து வைத்துவிட்டால் காலையில் தாளிக்கிற வேலைதான். சம்பல் வேண்டாம் என்று சொல்லவில்லை. தேங்காய்ப்பூ, வெங்காயம், தேசிக்காய்ப்புளி கூடுதலாகவும் உப்பும் மாசியும் பாதியாகவும் போட்டு இடியுங்கள். மாவில் உப்புப் போடுவதை விட்டாலும் ரொட்டி ரொட்டியாகத்தான் வரும், சம்பலோடு சாப்பிடும்போது பலருக்கு வித்தியாசமே தெரிவதில்லை. முதல் இரண்டு மூன்று கிழமை சப்பென்றுதான் இருக்கும். அதற்குப் பிறகு நாக்கு பழகிவிடும், பழைய சம்பல் உப்புக் கரிக்கும்.

மரக்கறி கூடுவதில் இன்னொரு இலாபமும் இருக்கிறது. 1997இல் அமெரிக்காவில் டாஷ் என்ற ஆய்வு ஒன்று வெளிவந்தது. உப்பின் அளவைக் குறைக்காமல், உடல் எடையையும் மாற்றாமல், பழம், மரக்கறி, கொழுப்புக் குறைந்த பால் உணவு, பருப்பு வகைகளைக் கூட்டி, கொழுப்பைக் குறைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். எட்டுக் கிழமையில், ஏற்கனவே பிரஷர் கூடியிருந்தவர்களுக்கு மேல் அளவு (152/96 என்றால் அதில் 152) ஏறத்தாழ 11 குறைந்தது. ஒரு மாத்திரை செய்கிற வேலை அது. மரக்கறியிலும் பழத்திலும் உள்ள பொட்டாசியம், சிறுநீரகம் உப்பை வெளியே தள்ள உதவுகிறது, இரத்தக் குழாய்களையும் தளர்த்துகிறது. உப்பு செய்வது அதற்கு நேர் எதிர். தண்ணீரை உடம்பில் பிடித்து வைத்து இரத்தத்தின் கனஅளவைக் கூட்டும், நாளடைவில் குழாய்ச் சுவரையும் விறைக்க வைக்கும்.

கரட், கோவா, லீக்ஸ், பீட்ரூட், போஞ்சி எல்லாம் நுவரெலியா மாவட்டத்தில் விளைந்து லொறி லொறியாகக் கொழும்புக்கும் தம்புள்ளைக்கும் போகிறது, பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளையின் தட்டில் ஒரு கரண்டிதான் விழுகிறது. விலையைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் பொன்னாங்காணி, வல்லாரை, முள்ளங்கி இலை, பீட்ரூட் இலை போன்றவை மலிவு. லயத்துக்குப் பின்னால் ஒரு பாத்தி இடம் இருந்தாலும் கீரை வரும். வாழைப்பழம், உருளைக்கிழங்கு, பருப்பு எல்லாமே பொட்டாசியம் உள்ளவைதான். உருளைக்கிழங்கைப் பொரிக்காமல் அவித்துச் சாப்பிட்டால் சரி. கீரையும் பழமும் தாராளமாகச் சாப்பிடலாம் என்று நான் சொல்வது சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறவர்களுக்குத்தான். அது பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயத்துக்கே ஆபத்து. ஆகவே இரத்தப் பரிசோதனை முதலில், அம்மாவுக்கும் சேர்த்து. பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு இப்போது சில கடைகளில் கிடைக்கிறது. அதையும் கேட்காமல் வாங்கவேண்டாம், அம்மா போடுவது லொசார்டன் என்றால் முக்கியமாக அவருக்கு.

கருவாட்டை விட மனம் வராதென்றால் கிழமைக்கு ஒருநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுடுதண்ணியில் ஊறவைத்து, அந்தத் தண்ணியை ஊற்றிவிட்டு, பிறகு உப்புச் சேர்க்காமல் சமையுங்கள். டின் மீனில் உள்ள தண்ணியைக் கறிக்குள் ஊற்ற வேண்டாம். மாங்காய், அம்பரெல்லா, பெயார்ஸ் எதை வெட்டினாலும் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுச் சாப்பிடுகிற பழக்கம் நமக்கு உண்டு. பழத்தால் வருகிற நன்மையை அந்த உப்பே தின்றுவிடும். மிளகாய்த்தூள் மட்டும் தொட்டுப் பாருங்கள். கடையில் பக்கெட்டுச் சாமான் வாங்கும்போது முன்பக்கத்தில் சீனி, உப்பு, கொழுப்பு என்று நிற அடையாளம் இருக்கும். உப்புக்குச் சிவப்பு என்றால் திரும்ப வைத்துவிடுங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிளினிக்கில் அடிக்கடி கேட்கிறார்கள். கல்லுப்பு, இந்துப்பு, இளஞ்சிவப்பு உப்பு எல்லாமே சோடியம் குளோரைட்தான். விலைதான் வேறு.

வயதானால் பிரஷர் வரத்தான் செய்யும் என்று உங்கள் மாமியார் சொல்லக்கூடும். 1988இல் வெளியான இன்டர்சோல்ட் என்ற பெரிய ஆய்வு 32 நாடுகளில் பத்தாயிரம் பேருக்கு மேல் பார்த்தது. அதில் பிரேசில் காட்டில் வாழும் யனோமாமி மக்கள் உப்பை அநேகமாகச் சேர்ப்பதே இல்லை. அவர்களுக்கு வயது ஏறியும் பிரஷர் ஏறவில்லை. நாம் காட்டுக்குப் போய் வாழ வேண்டியதில்லை, ஆனால் எல்லாவற்றையும் வயதின் தலையில் கட்டவும் முடியாது.

அம்மாவுக்கு எப்படி வந்தது என்று கேட்டிருந்தீர்கள். உழைப்புக் காப்பாற்றும் என்ற நம்பிக்கையில் பாதிதான் சரி. விரும்பி, கைகளை வீசி, ஒரே சீராக நடக்கிற நடை பிரஷரைக் குறைக்கும். முதுகில் கொழுந்துப் பாரத்தைச் சுமந்து, வழுக்கலில் காலை ஊன்றி, குறிப்பிட்ட கிலோ வராவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், என்ற பயத்தோடு மணிக்கணக்காக நிற்கிற வேலை அப்படிப்பட்டதல்ல. பாரம் தூக்கும் நேரத்தில் பிரஷர் ஏறும், வேலை முடிந்தபின் ஆறுவதற்கு வீட்டில் நேரமும் கிடைப்பதில்லை. வேலைத்தளத்துச் சிரமம், ஓய்வு நேர உடற்பயிற்சி தருகிற பாதுகாப்பைத் தருவதில்லை என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. ஒல்லியாக இருப்பதும் முழுக் காப்பு அல்ல. எடை குறைவாகப் பிறந்த பிள்ளைகளுக்குப் பெரியவர்களானபின் பிரஷர் வரும் வாய்ப்புக் கொஞ்சம் அதிகம் என்பது தெரிந்த விஷயம். தோட்டப் புறங்களில் எடை குறைந்து பிறக்கும் பிள்ளைகள் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட அதிகம், அம்மா பிறந்த காலத்தில் நிலைமை இதைவிடவும் மோசம். அதைப் பழக்கம் என்று யாரும் சொல்ல முடியாது. எட்டாம் மாதத்தில் பிறந்த உங்கள் பிள்ளைக்கும் இது பொருந்தும், அதனால் சின்ன வயதிலேயே அவருக்கு உப்பு நாக்கைப் பழக்காதீர்கள்.

அம்மா வெற்றிலை போடுவாரா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் அந்தத் தலைமுறையில் போடாதவர் குறைவு. வெற்றிலையோடு புகையிலைத் துண்டு சேர்ந்தால் நிக்கொட்டின் வாய் வழியாக இரத்தத்தில் கலக்கும். சிகரட்டைப் போலவே இதயத் துடிப்பையும் பிரஷரையும் கூட்டும், வாய்ப் புற்றுநோயையும் கொண்டுவரும். குளிருக்கும் பசிக்கும் அது துணை என்பார்கள். பாரிசவாதம் ஒருதடவை வந்தவருக்கு அந்தத் துணை வேண்டாம்.

அடுத்தது வலி மாத்திரை. இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நானாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. முழங்கால், இடுப்பு, தோள்பட்டை என்று கொழுந்து பறித்தவர்களுக்கு வலி இல்லாத இடம் குறைவு. நாள் முழுக்கக் கடையில் நிற்கிற உங்களுக்கும் இடுப்பு வலி இருக்கும். ஃபார்மசியில் கேட்டால் டைக்ளோஃபெனாக், இபுபுரொஃபன் போன்றவற்றைத் தருவார்கள், வலியும் உடனே கேட்கும். இந்த வகை மாத்திரைகள் உப்பையும் தண்ணீரையும் உடம்பில் பிடித்து வைத்துப் பிரஷரைக் கூட்டும், பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும், சிறுநீரகத்தையும் தாக்கும். அம்மாவின் பிரஷர் மாத்திரை போட்டும் இறங்கவில்லை என்றால் முதலில் அவருடைய தலையணைக்கு அடியில் என்ன மாத்திரை இருக்கிறதென்று பாருங்கள். வலிக்குப் பரசிட்டமோல் பரவாயில்லை, அதையும் தேவைப்படும்போது மட்டும். ஒத்தடம், வலிக்குப் பூசுகிற களிம்பு இரண்டையும் முதலில் முயலலாம். தடிமலுக்குப் போடுகிற கசாயத்தில் அதிமதுரம் சேர்ப்பதுண்டு. ஒருநாள் இரண்டுநாள் குடித்தால் ஒன்றுமில்லை. தினமும் கிழமைக்கணக்கில் குடித்தால் அதிமதுரமும் பிரஷரைக் கூட்டும், பொட்டாசியத்தைக் குறைக்கும். மூலிகைதானே என்று விடக்கூடாது.

குளிரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கும், அளவும் கொஞ்சம் ஏறும். டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் பார்த்தால் மற்றக் காலத்தைவிடக் கூடுதலாகக் காட்டலாம். 150க்குக் குளிர் மட்டும் காரணமாக முடியாது. தேத்தண்ணியையும் குற்றம் சொல்லவேண்டாம். குடித்த கொஞ்ச நேரத்துக்கு ஏறும், வழக்கமாகக் குடிக்கிறவர்களுக்கு அதுகூடப் பெரிதாக இருக்காது. தேயிலையைவிட அதில் போடுகிற சீனிதான் தொல்லை. ஒரு கோப்பைக்கு இரண்டு கரண்டி, நாளைக்கு ஐந்து கோப்பை என்றால் பத்துக் கரண்டி சீனி. அது எடையில் போய் நிற்கும். ஒரு கிலோ எடை குறைந்தால் மேல் அளவு ஏறத்தாழ ஒன்று குறையும் என்பது நடைமுறைக் கணக்கு. உங்கள் எடையை எழுதவில்லை. இடுப்புச் சுற்றளவு 80 சென்றிமீற்றருக்கு மேல் என்றால் குறைக்க வேண்டிய எடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடன் யோசனை வேறு விஷயம். யோசிக்கும் நேரத்தில் பிரஷர் ஏறும், யோசனை தீர்ந்தால் இறங்கும். ஆனால் யோசனையால் தூக்கம் கெடுவது, நேரத்துக்குச் சாப்பிடாமல் கடை வடையில் பொழுதைப் போக்குவது, வீட்டுக்காரர் ஒரு கிளாஸ் சாராயத்தையும் ஒரு தட்டு பைட்டையும் தேடிப் போவது, இவைதான் நிலைத்து நின்று பிரஷரை ஏற்றும். யோசிக்காதீர்கள் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிழமைக் கட்டணத்துக்கு ஆள் வந்து வாசலில் நிற்கும்போது யாரால் யோசிக்காமல் இருக்க முடியும்? நடக்கச் சொல்லலாம். கடை முடிந்து பஸ்ஸில் வரும்போது இரண்டு தரிப்பிடம் முன்னால் இறங்கி, பேசலாம், ஆனால் பாட்டுப் பாட முடியாது என்கிற வேகத்தில் அரை மணி நேரம், கிழமைக்கு ஐந்து நாள். மழைக்காலத்தில் இருட்டுப் பாதையில் இது எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். அட்டைக்கும் சிறுத்தைக்கும் பயந்து நடக்க வேண்டாம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஹட்டன் டவுனுக்குள்ளேயே பத்துப் பத்து நிமிஷமாகப் பிரித்து நடந்தாலும் கணக்குத்தான். வீட்டுக்காரர் இரவில் நீங்கள் பலமாகக் குறட்டை விடுகிறீர்கள், நடுவில் மூச்சு நிற்கிற மாதிரி இருக்கிறது என்று சொன்னால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள், அதுவும் பிரஷருக்கு ஒரு காரணம்.

மாத்திரை இல்லாமல் சமாளிக்கலாமா? முடியலாம், ஆனால் அதை நீங்களாகத் தீர்மானிக்கக்கூடாது. 140இலிருந்து 159க்குள் இருப்பவர்களுக்கு, வேறு பாதிப்பு இல்லையென்றால், பழக்கத்தை மாற்றி மூன்று மாதம் வரை பொறுத்துப் பார்ப்பதுண்டு. உங்கள் விஷயத்தில் இரண்டு காரணத்தால் நான் கொஞ்சம் கண்டிப்பாக இருப்பேன். ஒன்று அந்தக் கர்ப்பகாலப் பிரஷர். மற்றது வயது. நாற்பதுக்குள் பிரஷர் வந்தால் சிறுநீரகம், தைரொயிட், ஹோர்மோன் என்று வேறு ஏதாவது அடியில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். சிறுநீரில் புரதம் போகிறதா, சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியட்டினின் எவ்வளவு, பொட்டாசியம், சீனி, கொலஸ்ட்ரோல், ஒரு ஈ.சி.ஜி. இவ்வளவையும் அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் பார்க்கலாம். 35 வயது கடந்தவர்களுக்கென்று ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர் பல ஆஸ்பத்திரிகளில் நடக்கிறது, உங்களுக்குப் பக்கத்தில் எங்கே என்று மிட்வைஃப் மிஸ்ஸுக்குத் தெரிந்திருக்கும்.

மாமியாரின் பயத்துக்குப் பதில் இதுதான். பிரஷர் மாத்திரைக்கு உடம்பு அடிமையாவதில்லை. விட்டால் ஏறுகிறதே என்றால், அது மாத்திரை உண்டாக்கினதல்ல, ஏற்கனவே இருந்த வருத்தம் திரும்ப வருகிறது. உப்பையும் எடையையும் குறைத்தவர்களுக்கு மாத்திரையின் அளவைக் குறைத்திருக்கிறோம், சிலருக்கு நிறுத்தியும் இருக்கிறோம். டொக்டர் பார்த்துக் குறைப்பதும், தலை சுற்றவில்லை என்று நாமே விடுவதும் ஒன்றல்ல. மாத்திரையை இடையில் விட்டு, பாரிசவாதத்தோடு வருகிறவர்களை நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். பலர் அலட்சியத்தால் விட்டவர்கள் அல்ல. கிளினிக் நாளில் மலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் பேர் போகிறது, பஸ் காசு வேறு. இந்தக் கணக்கைப் பார்க்காமல் நோயாளியைத் திட்டுகிற டொக்டர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அளவு கட்டுக்குள் இருந்தால் இரண்டு மாதத்துக்குச் சேர்த்து மாத்திரை தரமுடியுமா என்று கிளினிக்கில் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை.

அம்மா உங்களோடு இருக்கிறார் என்றால் வீட்டில் எல்லோருக்கும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். முகம் ஒரு பக்கம் கோணுவது, கை கால் திடீரென்று சோர்வது, பேச்சு குழறுவது, நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், இவற்றில் எது வந்தாலும் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். மேல் டிவிஷன் வரை வண்டி ஏற முடியாத பாதையென்றால், எந்தச் சந்தியில் வந்து நிற்கும் என்பதை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிரஷர் 180/120ஐத் தாண்டினால் அறிகுறி இல்லாவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கிளினிக்குக்குப் போகும்போது இரண்டாவது பிள்ளையின் கர்ப்பகாலக் கார்ட், ஒபரேஷன் முடிந்து தந்த டயக்னோசிஸ் கார்ட் இரண்டையும் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு கிழமை எழுதின பிரஷர் அளவுகள், நீங்களும் அம்மாவும் போடுகிற எல்லா மாத்திரைப் பட்டைகளும் ஒரு பையில் வரட்டும், வலி மாத்திரையும் கசாயப் பக்கெட்டும் சேர்த்து. முடிந்தால் மாமியாரையும் கூட்டிப் போங்கள். சமைக்கிறவர் அவர்தானே, அவருக்கும் பிரஷர் பார்த்துவிடலாம்.